ரேடியோ விமானத்துக்கு டேட்டா லாகர்: வாங்குவது முதல் கணினியில் படிப்பது வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம் பறக்கவிடுகிறவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவோம். கற்றுக்கொடுக்க மன்றமும் இல்லை, பக்கத்தில் கடையும் இல்லை. போன ஆண்டு என்னுடைய ஃபோம் விமானம் நான்காவது நிமிடத்தில், மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே, மோட்டார் நின்று செம்பனைக் காட்டுக்குள் விழுந்தது. இரண்டு நாள் கழித்துக் குலை வெட்டப் போன தம்பி ஒருவர்தான் கண்டெடுத்து, "அண்ணே, மட்டை அடுக்கிய வரிசையில் கிடந்தது" என்று கொண்டுவந்து கொடுத்தார். இறக்கை ஒடிந்திருந்தது. பேட்டரியை அளந்து பார்த்தேன். பாதிக்கு மேல் மின்சாரம் இருந்தது. பிறகு ஏன் மோட்டார் நின்றது?

அந்தக் கேள்விக்கு விடை தரும் கருவிதான் டேட்டா லாகர். பேட்டரிக்கும் இஎஸ்சி எனப்படும் வேகக் கட்டுப்படுத்திக்கும் நடுவில் அமர்ந்து, பறக்கும் நேரம் முழுவதும் வோல்ட், ஆம்பியர், மோட்டார் சுற்று, வெப்பம், உயரம் ஆகியவற்றைப் பதிந்து வைக்கும் சிறிய பலகை அது. தரையிறங்கிய பின் கணினியில் செருகினால் கோட்டு வரைபடமாகக் காட்டும். அதை வாங்கி, பொருத்தி, நம்பத்தக்க எண்ணை எடுக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. சரியான வரிசை தெரிந்திருந்தால் பார்சல் வந்த பிறகு இரண்டு வார இறுதிகள் போதும். அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

1. வாங்கும் முன்: உங்களுக்கு எந்த வகை வேண்டும்?

முதலில் உங்கள் டிரான்ஸ்மிட்டரை, அதாவது கையில் பிடித்து விமானத்தை இயக்கும் கருவியைப் பாருங்கள். எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளில் ஓடும் டிரான்ஸ்மிட்டரும், விமானத்திலிருந்து தகவலைத் திருப்பி அனுப்பும் ரிசீவரும் உங்களிடம் இருந்தால், பாதி லாகர் ஏற்கெனவே கையில் இருக்கிறது. சிறப்புச் செயல்கள் பக்கத்தில் 'எஸ்டி லாக்ஸ்' என்பதை ஒரு சுவிட்சுக்குக் கொடுத்துவிட்டால், வரும் அளவீடுகள் எல்லாம் எஸ்டி அட்டையில் 'லாக்ஸ்' என்ற கோப்புறைக்குள், எக்செலில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாகச் சேரும். ஆம்பியர் அளக்கும் சென்சார் மட்டும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். ஆனால் காற்றுவழியே வரும் தகவல் மெதுவாக வரும். சில வேளை விட்டுவிட்டு வரும். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டலைச் சட்டென்று தள்ளும்போது கால் நொடிக்குள் வோல்ட் எவ்வளவு விழுகிறது என்பது அதில் தெரியாமல் போகலாம்.

அப்படிப்பட்ட டிரான்ஸ்மிட்டர் இல்லாதவர்களுக்கும், நொடிக்குப் பத்து பதிவாவது வேண்டும் என்பவர்களுக்கும் விமானத்துக்குள்ளேயே பதிந்துகொள்ளும் தனி லாகர்தான் சரி. நான் வாங்கியது அதுதான். மீதிக் கட்டுரையும் அதைப் பற்றியதே.

வாங்கும்போது மூன்றை மட்டும் உறுதி செய்யுங்கள். அதன் ஆம்பியர் எல்லை உங்கள் இஎஸ்சியின் எல்லையைவிட உயர்ந்திருக்க வேண்டும். என் இஎஸ்சி 40 ஆம்பியர், லாகர் 100 ஆம்பியர். உங்கள் பேட்டரியின் முழு வோல்ட்டைத் தாங்க வேண்டும். மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) என்றால் 12.6 வோல்ட், ஆறு செல் என்றால் 25.2 வோல்ட். மூன்றாவதைத்தான் நான் விட்டுவிட்டேன்: அதன் கணினி மென்பொருள் இப்போதும் தயாரிப்பாளர் தளத்தில் கிடைக்கிறதா, உங்கள் விண்டோஸில் ஓடுகிறதா என்று பணம் கட்டும் முன்னே பதிவிறக்கிப் பார்த்துவிடுங்கள். மென்பொருள் இல்லாத லாகர் வெறும் பலகை.

2. செலவும் தாள்களும்

என் செலவை அப்படியே தருகிறேன். பயன்படுத்திய லாகர் 190 ரிங்கிட். மோட்டார் சுற்று அளக்கும் சென்சார் 55. வெப்ப சென்சார் இரண்டு, 40. எக்ஸ்டி60 இணைப்பான் இரண்டு ஜோடி, 8. தகவல் செல்லும் யுஎஸ்பி கேபிள் 12. மல்டிமீட்டர் 45. மொத்தம் 350 ரிங்கிட். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் அந்த 45 மிச்சம். கையில் பிடித்து அளக்கும் ஒளிச் சுற்றுமானியை நண்பரிடம் இரவல் வாங்கினேன். நீங்களும் அப்படியே செய்யலாம், ஒரு நாள் வேலைதான்.

வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால், 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருளுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பெரிய தளங்கள் பணம் கட்டும்போதே அதைச் சேர்த்துவிடும். சேர்த்ததற்கான ரசீதைச் சேமித்து வையுங்கள். பார்சல் நடுவில் நின்றால் கேட்கப்படுவது விலைப்பட்டியலும் பணம் கட்டிய சான்றும்தான். இரண்டையும் பொருள் வந்த பிறகு தேடாமல், வாங்கிய அன்றே ஒரே கோப்புறையில் போடுங்கள். எனக்கு வந்த விலைப்பட்டியலில் 'எலக்ட்ரானிக் பொருள்' என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன பொருள், எதற்கு என்று விளக்கி மின்னஞ்சல் அனுப்பி, பதில் வரப் பதினொரு நாள் போயிற்று. வாங்கும்போதே விற்பவரிடம், 'மாதிரி விமானத்துக்கான அளவீட்டுப் பலகை, ரேடியோ இல்லை, பேட்டரி இல்லை' என்று விலைப்பட்டியலில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

அந்த 'ரேடியோ இல்லை' என்பது முக்கியம். அலை அனுப்பும் கருவிகளுக்கு மலேசியாவில் சிரிம் என்ற தரச்சான்று நிறுவனத்தின் சான்று தேவை. வெறும் லாகருக்கு அந்தச் சிக்கல் இல்லை. டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் போன்றவற்றைச் சிரிம் முத்திரையோடு உள்நாட்டுக் கடையிலேயே வாங்கிவிடுங்கள். லாகரோடு ஒரே பார்சலில் சேர்க்காதீர்கள். லிப்போ பேட்டரியும் அப்படித்தான். தனியாகக் கட்டிய லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை இருக்கிறது. அதைச் சேர்த்தால் பார்சல் முழுவதும் தாமதமாகும்.

இடத்துக்கான தாள் இன்னொன்று. தோட்டத் திடல் நமக்குப் பழகிய இடம்தான், ஆனால் நிர்வாகத்தின் சொத்து. மேனேஜருக்கு ஒரு பக்கக் கடிதம், அடையாள அட்டை நகல், எந்த நாள் எந்த நேரம் என்ற விவரம் ஆகியவற்றைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக அலுவலகத்தில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு வாரத்தில் பதில் வந்தது. உயரத்தைப் பொறுத்தவரை, சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் தரையிலிருந்து 400 அடிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 122 மீட்டருக்கு மேல், போகக் கூடாது; விமான நிலையப் போக்குவரத்து வட்டத்துக்குள்ளும் பறக்கக் கூடாது. ஈப்போ பக்கம் போய்ப் பறக்கிறவர்கள் அங்கே விமான நிலையம் இருப்பதை மறக்க வேண்டாம். உங்கள் இடத்துக்கு வேறு அனுமதி வேண்டுமா என்பதை ஆணையத்திடமே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

3. விமானத்தில் வைக்கும் முன், கணினியில் இணையுங்கள்

நான் செய்த முதல் தவறு, பார்சல் வந்த அன்று மாலையே சாலிடர் இரும்பைச் சூடாக்கியது. எல்லாவற்றையும் பற்றவைத்துவிட்டுக் கணினியில் செருகினால், எதுவும் நடக்கவில்லை. பழுது லாகரிலா, கேபிளிலா, கணினியிலா, என் சாலிடரிலா என்று பிரிக்கவே முடியவில்லை. ஆகவே பலகையை மேசையில் வைத்து, வேறு எதையும் இணைக்காமல், கணினியோடு மட்டும் பேச வையுங்கள்.

முதலில் டிரைவரை, அதாவது கணினி லாகரை அடையாளம் காண உதவும் சிறு மென்பொருளை நிறுவுங்கள், பிறகு செருகுங்கள். பெரும்பாலான லாகர்களில் யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் ஒரு சில்லு இருக்கும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு செருகினால், 'போர்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் காம் என்ற பெயரும் ஓர் எண்ணும் தோன்ற வேண்டும்.

எதுவுமே தோன்றவில்லை என்றால், முதல் சந்தேகம் கேபிள் மீது. பசார் மாலாம் இரவுச் சந்தையில் மூன்று நான்கு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் கேபிள்களில் பல, சார்ஜ் ஏற்ற மட்டுமே. உள்ளே தகவல் கம்பிகளே கிடையாது. லாகரின் விளக்கு எரியும், கணினி கண்டுகொள்ளாது. நான் இதற்காக மட்டும் ஒன்பது நாள் வீணாக்கினேன். விற்றவருக்கு லாகர் பழுது என்று கடிதம்கூட எழுதிவிட்டேன். கைப்பேசியைக் கணினியில் இணைத்துப் படங்களை மாற்றப் பயன்படும் கேபிளாகப் பார்த்து எடுங்கள். படம் மாறினால் தகவல் கம்பி இருக்கிறது.

பெயர் தோன்றுகிறது, ஆனால் மஞ்சள் எச்சரிக்கைக் குறி இருக்கிறது என்றால் டிரைவர் பொருந்தவில்லை. பழைய லாகர்களில், குறிப்பாகப் போலிச் சில்லு உள்ளவற்றில், புதிய டிரைவர் வேலை செய்ய மறுக்கும். தயாரிப்பாளர் தளத்தில் அந்த லாகருக்கென்றே வைத்திருக்கும் டிரைவரை எடுங்கள். 'டிரைவர் இலவசம்' என்று கண்ட தளங்களில் கிடைப்பதைத் தொடாதீர்கள்.

டிவைஸ் மேனேஜரில் எல்லாம் சரி, ஆனால் லாகரின் மென்பொருள் மட்டும் 'கருவி இல்லை' என்கிறதா? காம் எண்ணைப் பாருங்கள். பழைய மென்பொருள்கள் சில 1 முதல் 9 வரைதான் தேடும். என் கணினியில் அது 14 ஆக இருந்தது. அந்தப் போர்ட்டின் பண்புகளுக்குள் மேம்பட்ட அமைப்புகளுக்குப் போய் எண்ணை 4 என்று மாற்றினேன். மென்பொருளை மூடித் திறந்ததும் லாகர் உடனே தெரிந்தது.

இணைப்பு கிடைத்ததும் செய்ய வேண்டிய ஒரே வேலை, பழைய பதிவுகளை அழித்துவிட்டு மேசையிலேயே ஒரு நிமிடம் பதிய வைத்து, பதிவிறக்கிப் பார்ப்பது. எண்கள் எல்லாம் சுழியாக இருக்கும், பரவாயில்லை. பாதை முழுவதும் திறந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஃபர்ம்வேர் (லாகருக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) புதுப்பிப்பு கேட்டால் இப்போதே செய்துகொள்ளுங்கள். நடுவில் கேபிளைப் பிடுங்க வேண்டாம். மழைக்கால மாலையில் மின்சாரம் விட்டுவிட்டு வரும் வீடு என்றால், மடிக்கணினியின் பேட்டரி நிறைந்திருக்கும்போது செய்யுங்கள்.

4. அமைப்புகள்

நொடிக்குப் பத்து பதிவு போதும். எட்டு நிமிடப் பறத்தலுக்கு 4,800 வரிசைகள் வரும், எக்செலும் திணறாது. பதிவு எப்போது தொடங்க வேண்டும் என்ற இடத்தில், ஆம்பியர் 2ஐத் தாண்டும்போது என்று வையுங்கள். மின்சாரம் வந்ததும் தொடங்கு என்று வைத்தால், திடலில் நின்று பேசிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் பதிவாகி நினைவகம் நிறைந்துவிடும். நிறைந்தால் உங்கள் லாகர் பழையதன் மேல் எழுதுமா, நின்றுவிடுமா என்று கையேட்டில் பாருங்கள். என்னுடையது நின்றுவிடும். ஒரு காலை முழுவதும் நான்கு முறை பறந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், முதல் பறத்தல் மட்டுமே இருந்தது.

அடுத்தது காந்த எண்ணிக்கை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சுற்று சென்சார் மோட்டாரின் மூன்று கம்பிகளில் இரண்டில் இணைகிறது (சிலவற்றில் ஒன்றே போதும்). அது எண்ணுவது மின் துடிப்புகளை. அதை மோட்டார் சுற்றாக மாற்ற, மோட்டாரில் எத்தனை காந்தம் என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். வெளிச்சுற்று மோட்டாருக்குள் எட்டிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது செம்புக் கம்பி சுற்றிய பற்கள். என் மோட்டாரில் பன்னிரண்டு. அதைத்தான் எண்ணிவிட்டு 12 என்று எழுதினேன். எண்ண வேண்டியதோ சுழலும் வெளிக் கூட்டின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் காந்தங்களை. அவை பதினான்கு. 12 என்று வைத்தபோது நிமிடத்துக்கு 10,380 சுற்று என்று காட்டியது. 14 என்று திருத்தியதும் 8,900க்கு இறங்கியது. முதல் எண்ணை நம்பிப் புரொப்பெல்லரைத் தேர்ந்தெடுத்திருந்தால், கணக்கு முழுவதும் பிழையாகியிருக்கும். கண்ணால் எண்ணுவது கடினம் என்றால், மெல்லிய மார்க்கரால் ஒரு காந்தத்தில் குறியிட்டுவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் கூட்டை மெதுவாகத் திருப்பி எண்ணுங்கள்.

5. பற்றவைப்பதும் பொருத்துவதும்

லாகரில் பேட்டரி பக்கம், இஎஸ்சி பக்கம் என்று அச்சிட்டிருக்கும். மாற்றிக் கொடுத்தால் ஆம்பியர் சுழியாகவோ எதிர்மறையாகவோ காட்டும். சிவப்பையும் கறுப்பையும் மாற்றினால் லாகரும் இஎஸ்சியும் சேர்ந்து எரியும். பற்றவைத்ததும், பேட்டரியைச் செருகும் முன், மல்டிமீட்டரால் சிவப்பும் கறுப்பும் ஒட்டிக்கொள்ளவில்லை என்று பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

எக்ஸ்டி60க்கு 60 வாட் சாலிடர் இரும்பாவது வேண்டும். சிறிய இரும்பில் நெடுநேரம் பிடித்தால் பிளாஸ்டிக் இளகி ஊசி சாய்ந்துவிடும். பற்றவைக்கும்போது எதிர் ஜோடியைச் செருகி வைத்தால் ஊசி நேராக நிற்கும். சாலிடர் ஆறியதும் பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கலாக, மணல் போல இருந்தால் மீண்டும் சூடாக்குங்கள். அந்த மூட்டுதான் பின்னால் சூடேறும்.

கம்பியின் நீளத்தில் ஒரு பொறி இருக்கிறது. லாகருக்கு இடம் தேடி, பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் நடுவில் உள்ள கம்பியை நீட்ட ஆசை வரும். நீட்டாதீர்கள். அந்தக் கம்பி நீள நீள, இஎஸ்சி மின்சாரத்தை வெட்டி வெட்டி எடுக்கும்போது வோல்ட் துள்ளல் கூடி, அதன் மின்தேக்கிகள் கெடும். நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இஎஸ்சிக்கும் மோட்டாருக்கும் இடையில் உள்ள மூன்று கம்பிகளை நீட்டுங்கள்.

வெப்ப சென்சார் ஒன்றை மோட்டாரின் நிலையான பகுதியிலும், மற்றொன்றை இஎஸ்சி மேலும் வெப்பம் தாங்கும் டேப்பால் ஒட்டுங்கள். சுழலும் கூட்டின் அருகே கம்பி தொங்கக் கூடாது. நம் ஊரில் காலை பத்து மணிக்கே நிழலில் 31, 32 பாகை. மூடிய ஃபோம் உடலுக்குள் அதைவிடக் கூடுதல். அங்கிருந்து தொடங்கி மோட்டார் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கணக்கு. சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 பாகை அளவிலேயே வலுவிழக்கத் தொடங்கும். லிப்போவை 60 பாகைக்கு மேல் போக விடக் கூடாது.

உயரம் அளக்கும் சென்சார் உங்கள் லாகரில் இருந்தால், அதன் சிறு துளையின் மேல் மெல்லிய பஞ்சு வையுங்கள். அது அளப்பது காற்றழுத்தத்தை. நம் உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினாலே எட்டரை மீட்டர் அளவுக்கு உயரம் மாறித் தெரியும். நேர்க் காற்று துளையில் மோதினால் விமானம் குதிப்பது போல் வரைபடம் குதிக்கும். வெயில் நேராகப் பட்டாலும் எண் நகரும். மின்சாரம் கொடுத்து இரண்டு நிமிடம் நிழலில் விட்டுவிட்டு, பிறகு சுழியாக்குங்கள்.

லாகர், கம்பி, சென்சார் எல்லாம் சேர்ந்து என் விமானத்தில் 38 கிராம் கூடியது. எடை மையத்தை மறுபடி பாருங்கள். நான் பேட்டரியை ஒரு விரல் அகலம் பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது.

6. எண்களை நம்பும் முன் சோதியுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்த படி. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வரைபடம் அழகாக வருகிறது, எண்கள் இரண்டு தசமம் வரை காட்டுகின்றன, ஆகவே உண்மை என்று நினைத்துவிடுகிறோம். ஒவ்வொரு அளவீட்டையும் இன்னொரு கருவியோடு ஒப்பிட்ட பிறகே நம்புங்கள்.

தொடங்கும் முன் புரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். லாகர் கணினியோடு இணைந்திருக்கும்போது பெரிய பேட்டரியைச் செருகலாமா என்று கையேட்டில் பாருங்கள். தெளிவாக எழுதியிருக்கவில்லை என்றால் செருகாதீர்கள். பதிந்து, பேட்டரியைக் கழற்றி, பிறகு கேபிளை இணைத்துப் படியுங்கள்.

வோல்ட்: பேட்டரி முனையில் மல்டிமீட்டர், பக்கத்தில் லாகர். 0.1 வோல்ட்டுக்கு மேல் வேறுபட்டால் மென்பொருளில் திருத்துங்கள்.

ஆம்பியர்: இத்தனை பெரிய ஆம்பியரை வீட்டு மல்டிமீட்டரில் அளக்கக் கூடாது, பெரும்பாலானவற்றின் எல்லை 10 ஆம்பியர்தான். அதற்குச் சுற்று வழி உண்டு. பேட்டரியை முழுதாக நிரப்பி, புரொப்பெல்லரை மாட்டிப் பறக்கவிடுங்கள். லாகர் எத்தனை மில்லியாம்பியர்-மணி செலவு என்று காட்டுகிறது என எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மீண்டும் முழுதாக நிரப்பி, சார்ஜர் எத்தனை உள்ளே தள்ளியது என்று பாருங்கள். எனக்கு லாகர் 1,310 என்றது, சார்ஜர் 1,395 என்றது. மூன்று முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே விகிதம். ஆகவே ஆம்பியரை 1.065 ஆல் பெருக்கும்படி அமைத்தேன். ஒரே முறை பார்த்துத் திருத்திவிடாதீர்கள். ஒரு நாள் பேட்டரி முழுதாக நிறையாமல் இருந்திருக்கலாம்.

சுற்று: ஒளிச் சுற்றுமானியோடு ஒப்பிட வேண்டும். அந்தச் சுற்றுமானியே சரியா? பழைய வகைக் குழல் விளக்கின் கீழ் அதை நேராக விளக்கை நோக்கிப் பிடியுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். இரண்டு இலைப் புரொப்பெல்லர் என்று அமைத்த சுற்றுமானி 3,000 என்று காட்ட வேண்டும். எல்இடி விளக்கை இதற்கு நம்ப முடியாது. வீட்டில் எல்லா விளக்கையும் மாற்றிவிட்டதால் நான் தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்குப் போய்ச் சோதித்தேன். 3,000 என்று அசையாமல் நின்றது. அதன்பின் விமானத்தின் வாலை நண்பர் பிடித்துக்கொள்ள, புரொப்பெல்லரை மாட்டிப் பகல் வெளிச்சத்தில் அளந்தோம். புரொப்பெல்லரின் முன்னாலோ பக்கவாட்டிலோ யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகள் ஓடி வருவார்கள், கதவைச் சாத்திவிடுங்கள்.

7. முதல் பதிவு

காலை ஏழரைக்குத் திடலில் இருங்கள். காற்று எழும்பும் முன் பறந்தால்தான் ஒரு பதிவை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்துவிடும். இடி கேட்டால் மூட்டை கட்டுங்கள்.

முதல் பறத்தலில் வித்தை வேண்டாம். ஏறுங்கள், அரைத் திராட்டலில் ஒரு நிமிடம் வட்டமிடுங்கள், முழுத் திராட்டலில் பத்து நொடி நேராக ஏறுங்கள், மறுபடி வட்டம். இதையே நான்கு முறை செய்து இறங்குங்கள். வரைபடத்தில் எந்த மேடு எந்தச் செயல் என்று பிறகு உங்களுக்கே தெரியும். எந்தப் பேட்டரி, எந்தப் புரொப்பெல்லர், எத்தனை மணி என்று நோட்டில் எழுதுங்கள். பேட்டரிகளுக்கு எண் ஒட்டுங்கள். கோப்பின் பெயரிலும் அந்த எண்ணே இருக்கட்டும்.

8. கணினியில் படிப்பது

மென்பொருளின் சொந்த வரைபடத்திலேயே பெரும்பகுதி தெரிந்துவிடும். எக்செலுக்கு எடுத்துச் செல்லும்போது ஒரு தடை உண்டு. ஜெர்மானிய மென்பொருள் என்றால் தசமத்துக்குப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடும், 11.60 என்பது 11,60 என்று வரும். நம் கணினியில் நேரடியாகத் திறந்தால் அது 1160 ஆகவோ வெறும் எழுத்தாகவோ மாறிவிடும். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்செலின் தரவு இறக்குமதி வழியாகத் திறந்து, பிரிப்பான் அரைப்புள்ளி, தசமம் காற்புள்ளி என்று சொல்லிக்கொடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே வரைபடத்தில். என் விமானத்தை வீழ்த்திய அந்தப் பழைய பேட்டரியில் இப்படி இருந்தது: தொடக்கத்தில் ஓய்வில் 12.4 வோல்ட்; முழுத் திராட்டலில் 27.5 ஆம்பியர் இழுக்கும்போது 10.2. விழுந்தது 2.2 வோல்ட். அதை 27.5 ஆல் வகுத்தால் 80 மில்லிஓம்; பேட்டரியும் கம்பியும் சேர்ந்து தரும் தடை அது, குறைவாக இருப்பதே நல்லது. நான்காவது நிமிடத்தில் ஓய்வில் 11.5 வோல்ட், அதாவது பாதிப் பேட்டரி மீதம். ஆனால் முழுத் திராட்டலில் 25 ஆம்பியர் இழுத்தபோது 9.5க்கு இறங்கிவிட்டது. என் இஎஸ்சி 9.6 வோல்ட்டில் மோட்டாரை நிறுத்தும்படி அமைந்திருந்தது. அதே நான்காவது நிமிடம், அதே ஏற்றம். இந்த முறை தாழ்வாக, திடலின் நடுவில் இருந்ததால் பத்திரமாக இறக்கிவிட்டேன்.

அன்று மாலையே புதிய பேட்டரியில் பறந்தேன். ஓய்வில் 12.5, முழுத் திராட்டலில் 34 ஆம்பியர் இழுத்தும் 11.6க்குக் கீழே போகவில்லை. 26 மில்லிஓம். அதே மோட்டார், அதே 11க்கு 7 (11 அங்குல விட்டம், 7 அங்குலப் புரிநீளம்) புரொப்பெல்லர். பழைய பேட்டரியில் 280 வாட், புதியதில் 394 வாட். இத்தனை நாள் விமானம் மந்தமாக ஏறியதற்கு மோட்டாரைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.

லாகர் மொத்த வோல்ட்டை மட்டுமே பார்க்கிறது. எந்தச் செல் என்று சொல்லாது. அதற்குச் சார்ஜரின் உள்தடை அளவீட்டைப் பாருங்கள். பழைய பேட்டரியில் முதல் இரண்டு செல்கள் 12, 13 மில்லிஓம், மூன்றாவது 49. அந்தப் பேட்டரியை வீட்டுக்கு வெளியே, மண்தரையில் வைத்து, 12 வோல்ட் மோட்டார் சைக்கிள் விளக்கை இணைத்து முழுதாக வடித்தேன். முனைகளில் டேப் சுற்றி, வாளி மணலில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஈப்போ போகும்போது மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள். குப்பை லோரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.